இலவு காத்த கிளியும் நாமும்

'இலவு காத்த கிளி' என்ற பழமொழியை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். இலவமரத்தில் பச்சைப் பசேலென்று காய்கள் தொங்கின. இவை பழுக்கும், வயிறாரத் தின்னலாம் என்று கிளி ஒன்று காத்திருந்தது. நாள்கள் சென்றன. காய் பழுக்கவில்லை, காய்ந்து வெடித்தது. உள்ளிருந்த பஞ்சு காற்றில் பறந்தது. கிளி ஏமாந்து போயிற்று. வீண் ஆசையால் காலத்தைப் போக்குபவர்களுக்கு இக்கதையை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

தாவரவியல் கற்றவர் இக்கதையைச் சற்று வேறு விதமாகப் பார்ப்பார். கிளி செய்த தவறு ஆசைப்பட்டது அன்று. மரத்தைக் கவனிக்காமல் இருந்தது. இலவமரம் தன் விதைகளைப் பரப்பும் வேலையைக் காற்றிடம் ஒப்படைத்திருக்கிறது. காற்றுக்குப் பழச்சதை எதற்கு? பஞ்சு போதும். ஆனால் அதே கிளி சில மாதங்களுக்கு முன்பு, மரம் இலையுதிர்த்துப் பூத்து நின்ற காலத்தில் வந்திருந்தால் நல்ல விருந்து கிடைத்திருக்கும். முள்ளிலவின் பெரிய சிவப்புப் பூக்களில் தேன் மிகுதியாக ஊறுகிறது. மைனாவும் காகமும் கரிச்சானும் அதைக் குடிக்க வருகின்றன. குடிக்கும்போது அவற்றின் தலையிலும் மார்பிலும் மகரந்தத் தூள் ஒட்டிக் கொள்கிறது. அடுத்த மரத்துப் பூவின் சூல்முடியில் அது படுகிறது. பிறகு சூல் கருவுற்று விதையாகிறது. மகரந்தம் சுமக்கப் பறவை, விதை சுமக்கக் காற்று என்று ஒரே மரம் இரண்டு வேலைக்கு இரண்டு ஆள்களை வைத்துக் கொண்டிருக்கிறது. பறவைக்குக் கூலி உண்டு. காற்றுக்குக் கூலி வேண்டியதில்லை.

கிளியின் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விதைகளைப் பற்றி நல்ல ஆசையும் குறைந்த கவனிப்பும் உடையவர்களாக இன்று நாமும் இருக்கிறோம் என்பது என் கருத்து. நான் குறிப்பிடுவது விதைப்பந்தைத்தான்.

களிமண் உருண்டை

விதைப்பந்தை அறியாத பள்ளி இன்று இராது. களிமண்ணையும் சாணத்தையும் பிசைந்து, நடுவில் ஒரு விதையை வைத்து உருட்டி உலர்த்துகிறோம். பிறகு ஒரு நல்ல நாளில் குளக்கரையிலோ, மலையடிவாரத்திலோ, சாலையோரத்திலோ வீசிவிட்டு வருகிறோம். ஆயிரம், பத்தாயிரம், இலட்சம் என்று எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் எத்தனை முளைத்தன, முளைத்தவற்றில் எத்தனை இரண்டாவது கோடையைத் தாண்டின என்று சென்று பார்த்தவர்கள் மிகச் சிலரே.

களிமண் உருண்டைக்குள் விதையை வைத்து விதைப்பதை நம் காலத்தில் உலகறியச் செய்தவர் ஜப்பானைச் சேர்ந்த மசானபு ஃபுகோகா (1913-2008). 1975ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்ற நூல் தமிழிலும் வந்திருக்கிறது. தம் வயலில் தூவிய நெல்லைப் பறவைகளும் எலிகளும் தின்றுவிடாமல் காக்கவே அவர் களிமண்ணை நாடினார். அது அவர் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய நிலம். எந்தப் பருவத்தில் எந்த விதை முளைக்கும் என்று அவருக்குத் தெரியும். நாமோ உருண்டையை மட்டும் எடுத்துக் கொண்டு கவனிப்பை விட்டுவிட்டோம்.

வீசுவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எந்த விதை? எந்தக் காலம்? எந்த இடம்? இம்மூன்றையும் மரங்கள் நம்மைக் கேட்காமலே சரியாகச் செய்து வருகின்றன.

விதைக்கும் வயது உண்டு

முதலில் விதையைப் பார்ப்போம். விதை என்றாலே காய வைத்து எடுத்து வைக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம். நெல்லும் பயறும் அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் எல்லா விதைகளும் அப்படியல்ல. நாவல் விதை ஈரத்தோடு உயிர் வாழ்வது. அதை உலர்த்தினால் சில நாள்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். வேப்பம் விதைக்கும் நீண்ட ஆயுள் இல்லை. பழம் விழுந்த சில வாரங்களிலேயே அதன் முளைப்புத் திறன் குறையத் தொடங்குகிறது. ஓடைக்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் நாவல் மரங்கள் மிகுதியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈர மண்ணில் விழும் விதைக்கே அங்கு வாழ்வு.

இனி எண்ணிப் பாருங்கள். நாவல் விதையைக் களிமண்ணில் பொதிந்து நன்றாக உலர்த்தி ஒரு மாதம் மூட்டையில் வைத்திருந்தால் என்ன ஆகும்? உருண்டை அழகாக இருக்கும். உள்ளே இருக்கும் விதை செத்திருக்கும். அவ்வாறு உலர்த்தியும் பிழைப்பவை கெட்டியான தோலுடைய விதைகள்: புளி, கொன்றை, வெள்வேல், சீமைக் கருவேலம் போன்றவை. எனவே பல விதைகளைக் கலந்து வீசினாலும், பிழைக்க வல்லவை ஒரு சில இனங்களே.

அடுத்தது காலம். ஜூன் 5ஆம் நாளை உலகச் சுற்றுச்சூழல் நாளாக 1973ஆம் ஆண்டு முதல் கொண்டாடி வருகிறோம். விதைப்பந்து வீசும் விழாக்களும் பெரும்பாலும் அன்றுதான் நடைபெறுகின்றன. ஆனால் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களுக்கு ஜூனில் சாரல் உண்டு. இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ ஜூனில் வீசிய உருண்டை ஐப்பசி மழைக்காக நான்கு மாதம் வெயிலில் கிடக்க வேண்டும். இடையில் ஒரு கோடை மழை பெய்தால் களிமண் கரைந்து விதை முளைவிடும். அடுத்த மழை வருமுன் கருகிப் போகும்.

மூன்றாவது இடம். வெறும் நிலமாகத் தோன்றுவதெல்லாம் வெறும் நிலம் அன்று. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமான்களுக்கென்று ஒரு சரணாலயம் இருக்கிறது. வெளிமான் என்ற பெயரே அது வாழும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. வெட்டவெளியில் புல் மேய்ந்து, எதிரியைத் தொலைவிலேயே கண்டு ஓடும் விலங்கு அது. நீலகிரியின் உச்சியில் இருந்த புல்வெளிகளை வீண் நிலம் என்று கருதி முன்பு சீகை மரங்களையும் யூகலிப்டஸ் மரங்களையும் நட்டார்கள். புல்லும் அதை நம்பி வாழ்ந்த உயிர்களும் இடம் இழந்தன. மரம் நல்லதுதான், ஆனால் புல்வெளியில் மரத்தைத் திணிப்பது வயலில் களையை விதைப்பதற்கு ஒப்பாகும்.

நல்லெண்ணம் வளர்த்த முள்

'விதையை வீசுவதால் என்ன கெட்டுவிடும்? முளைத்தால் இலாபம், முளைக்காவிட்டால் நட்டம் இல்லை' என்று சிலர் சொல்வார்கள். முளைக்காமல் போவதைவிடப் பெரிய நட்டமும் உண்டு. சில சமயம் விதை மிக நன்றாக முளைத்துவிடும்!

சீமைக் கருவேலத்தை எடுத்துக் கொள்வோம். வேலிக்காத்தான் என்றும் இதைச் சொல்வார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட பகுதிகளே இதன் தாயகம். 1877ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகு கிடைக்கும், வறண்ட நிலம் பசுமையாகும் என்ற நல்ல நோக்கத்தோடுதான் இதைப் பரப்பினார்கள். மனிதன் தூவியது கொஞ்சம்; பிறகு ஆடுமாடுகள் அந்த வேலையை ஏற்றுக் கொண்டன. இதன் நெற்றுக்கள் இனிப்பானவை. ஆடு தின்கிறது, கெட்டித் தோல் கொண்ட விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளிவருகிறது. எரு ஒருபுறம், ஈரம் ஒருபுறம் என்று விதை செழித்து முளைக்கிறது. ஆடு நடந்த வழியெல்லாம் முள்மரம் நிற்கிறது. கண்மாய்களிலும் தரிசுகளிலும் அது அடர்ந்த பிறகு வேறு செடிகளுக்கு இடம் இல்லை.

இந்த மரத்தால் யாருக்கும் பயன் இல்லை என்று சொன்னால் அது நேர்மையன்று. இராமநாதபுரம் பக்கத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இதுவே சோறு. ஆனால் வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாத மரம் அது. அயலிலிருந்து வந்து ஆக்கிரமிக்கும் இத்தகைய தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட வேண்டி வந்தது.

உண்ணிச்செடியின் கதையும் இதுதான். 1800களின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. அதன் சிறு கரும்பழங்களைக் கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் விரும்பித் தின்றன. இன்று முதுமலை முதலிய காடுகளில் யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல்லை அது மூடிக் கிடக்கிறது. இது அயல்நாட்டுச் செடி, சுமக்கக் கூடாது என்று பறவைக்குத் தெரியுமா? எதைக் கொடுத்தாலும் அது சுமக்கும். எதைக் கொடுப்பது என்று சிந்திக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

உண்மையான விதைப்பவர்கள்

மரம் ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தன் விதையை வெளியே அனுப்புகிறது? தாயின் காலடியிலேயே விழுந்து முளைத்தால் என்ன? அங்கே நிழல் அதிகம். நீருக்கும் உரத்துக்கும் தாயோடு போட்டி. அதோடு அந்த இனத்தைத் தின்னும் பூச்சிகளும் அந்த இனத்துக்கு வரும் நோய்களும் தாய் மரத்தைச் சுற்றியே மிகுதியாக இருக்கும். டேனியல் ஜான்சன் 1970ஆம் ஆண்டிலும், ஜோசப் கானல் 1971ஆம் ஆண்டிலும் தனித்தனியே இக்கருத்தை முன்வைத்தார்கள். தாயை விட்டு விலகிச் செல்லும் விதைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அதன் சுருக்கம். காட்டில் ஒரே இன மரங்கள் ஒரே இடத்தில் குவியாமல் கலந்து நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அப்படியானால் விதையைச் சுமந்து செல்பவர் இல்லாமல் போனால் என்ன நடக்கும்? ஆனைமலைக் காடுகளில் இருவாச்சி என்ற பெரிய பறவை வாழ்கிறது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக் கொள்ளும். ஒரு சிறு பிளவு மட்டும் இருக்கும். ஆண் பறவை வாரக்கணக்கில் காடெல்லாம் அலைந்து பழங்களைத் தொண்டையில் நிரப்பிக் கொண்டு வந்து அந்தப் பிளவின் வழியே ஊட்டும். அத்திப்பழங்களின் நுண்ணிய விதைகள் எச்சத்தோடு விழும். காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதைகளை அது கக்கிப் போடும். இவ்வளவு பெரிய பழத்தைக் கொண்டைக்குருவியால் விழுங்க முடியாது. இருவாச்சிதான் வர வேண்டும்.

இருவாச்சி மறைந்தால் அந்த மரங்கள் மறுநாளே சாய்ந்துவிடா. அவை பல்லாண்டுகள் பசுமையாக நிற்கும், பூக்கும், காய்க்கும். பார்ப்பவர்கள் காடு நலமாக இருக்கிறது என்றே எண்ணுவார்கள். ஆனால் பழங்கள் தாயின் காலடியிலேயே விழுந்து அழுகும். தொட்டில் ஆடாத ஊரில் முதியவர்கள் மட்டும் வாழ்வது போன்ற நிலை அது. காட்டின் இத்தகைய அழிவு வெட்டரிவாளின் சத்தம் கேட்காமல் நடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

இருவாச்சியைப் பார்க்க ஆனைமலைக்குச் செல்ல வேண்டும். வௌவாலைப் பார்க்கப் பள்ளி மைதானம் போதும். காலையில் புளியமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ நெட்டிலிங்கக் கொட்டைகளும், வாதுமைக் கொட்டைகளும், புன்னைக் கொட்டைகளும் சிதறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இரவில் பழந்தின்னி வௌவால் வேறொரு மரத்தில் பறித்த பழத்தை அங்கே கொண்டு வந்து, தொங்கியபடியே சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டிருக்கிறது. நாம் ஒரு நாள் செய்யும் வேலையை அது ஆண்டு முழுவதும் செய்கிறது; அதுவும் விதை பழுத்த அன்றே, ஈரம் காயுமுன்பே செய்கிறது. அதற்கு நாம் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்களை எலி, காகம் ஆகியவற்றுடன் சேர்த்துத் தீங்குயிர்கள் பட்டியலில் வைத்திருந்தோம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அப்பட்டியல் நீக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் நம் தோட்டக்காரனைத் திருடன் என்று அழைத்துக் கொண்டிருந்தோம்!

அப்படியானால் என்ன செய்யலாம்?

'மரமே நட வேண்டாம் என்கிறீர்களா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பனை விதை நடும் பணியைப் பாருங்கள். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழுகிறது. கொட்டையைப் பொறுக்கிக் குளக்கரையில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். அடுத்து வரும் ஐப்பசி மழையில் விதையிலிருந்து முளை கீழ்நோக்கி மண்ணில் ஆழமாக இறங்குகிறது. நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதில் உருவாவதுதான். களிமண் உருண்டை அதற்குத் தேவையில்லை. நம் மண்ணின் விதை, புதிய விதை, மழைக்கு முந்தைய காலம், பனைக்கு ஏற்ற கரை என்று எல்லாம் பொருந்தி வருகின்றன. ஆகையால் அப்பணி பலன் தருகிறது.

எனவே உங்கள் பள்ளிக்கு என் யோசனை இதுதான். இந்த ஆண்டு பத்தாயிரம் உருண்டை செய்வதை விட்டுவிட்டு, பத்து மரங்களைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு கவனியுங்கள். ஒவ்வொன்றும் எந்த மாதம் பூக்கிறது, பூவுக்கு யார் வருகிறார்கள், எப்போது பழுக்கிறது, பழத்தை யார் தின்கிறார்கள், விதை எங்கே போய் விழுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பாடப்புத்தகத்தில் 'காற்றால் பரவும் விதை எருக்கு, நீரால் பரவும் விதை தென்னை' என்று நான்கு மதிப்பெண்ணுக்காக நீங்கள் மனப்பாடம் செய்யும் பகுதி அப்போது உங்கள் ஊரின் பெயர்களோடு கண்முன் வந்து நிற்கும்.

இரண்டு சோதனைகளையும் செய்து பாருங்கள். நாவல் பழக் காலத்தில் அறுபது புதிய கொட்டைகளைச் சேர்த்துக் கொள்ளுங்கள். இருபதை அன்றே மண்ணில் ஊன்றுங்கள். இருபதைக் களிமண் உருண்டைக்குள் வைத்து, ஒரு மாதம் உலர்த்திப் பிறகு மண்ணில் இடுங்கள். மீதி இருபதை உருண்டையில்லாமல் அதே ஒரு மாதம் உலர்த்தி ஊன்றுங்கள். மூன்றுக்கும் ஒரே அளவு நீர் விட்டு, முளைத்தவற்றை எண்ணுங்கள். நான் சொன்னது சரியா என்பதை எண்ணிக்கை சொல்லட்டும்.

மற்றொன்று, பள்ளியின் ஒரு மூலையில் உழவர்கள் வயலில் நடுவது போன்ற பறவைத் தாங்கி ஒன்றை நடுங்கள். ஒரு மூங்கில் கழியும் அதன் தலையில் குறுக்குக் குச்சியும் போதும். அதன் கீழே ஒரு துணியை விரித்து வையுங்கள். சில நாள்களில் துணியின் மேல் எச்சமும் எச்சத்தில் விதைகளும் இருக்கும். என்னென்ன விதைகள் என்று பிரித்துப் பாருங்கள். வேம்பும் அத்தியும் வந்தால் மகிழுங்கள். உண்ணிச்செடி வந்தால், அருகில் எங்கோ அது வளர்கிறது என்று பொருள். அதைத் தேடிக் கண்டுபிடித்து, ஆசிரியரிடமும் ஊராரிடமும் சொல்லி அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டு அந்த மூலையை மிதிக்காமல், ஆடுமாடு புகாமல் விட்டு வையுங்கள். பறவை போட்டது முளைக்கட்டும்.

ஊர்க்கோடியில் நிற்கும் பழைய ஆலமரத்தையோ அரச மரத்தையோ சாலைக்காக வெட்ட வந்தால், 'ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுகிறோம்' என்று சொல்வார்கள். அப்போது நீங்கள் ஒன்றைக் கேளுங்கள்: அந்த ஒரு மரம் ஆண்டுதோறும் எத்தனை பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் பழம் கொடுத்து, அவற்றின் வழியே எத்தனை விதைகளை ஊரெங்கும் அனுப்பி வந்தது? பத்துக் கன்றுகள் அந்த நிலைக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆகும்? நடுவது நல்லது, நட்டுக் கொண்டிருப்பவற்றைக் காப்பது அதனினும் நல்லது.

பழமொழிக் கிளி இலவமரத்தின் கீழ் ஒரே ஓர் ஆண்டு கண்ணைத் திறந்து வைத்திருந்தால் ஏமாந்திருக்காது. பூத்தபோது தேனைக் குடித்துவிட்டு, காய்த்தபோது வேறு மரத்துக்குப் பறந்திருக்கும். நம் கையில் இருக்கும் விதையை வீசுமுன் அந்த ஓராண்டை நாம் செலவிடலாமே!